நாலு அடிக்கும்வரை

சுவர்க்கடிகாரம் மூன்று அடித்து ஓய்ந்தது. வெண்கல மணியில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். இனி நாலு அடிக்கும்வரை இந்த விகாரையில் யாரும் அசையக் கூடாது. கொசு கடித்தால் கடிக்கட்டும், கால் மரத்தால் மரக்கட்டும், இருமல் வந்தால் விழுங்கிக்கொள்ள வேண்டும். நாலு அடித்ததும் நான் இன்னொரு தட்டு தட்டுவேன், அதற்கப்புறம்தான் கண்ணைத் திறப்பது, காலை நீட்டுவது, பெருமூச்சு விடுவது எல்லாம். என் அப்பா, நைனா, காலத்திலிருந்து அதுதான் சட்டம். நைனா போன பிறகு மணி என் வலது முழங்காலருகே வந்து உட்கார்ந்தது. முப்பது வருஷத்தில் ஒரு பௌர்ணமிகூட நான் முந்தித் தட்டியதில்லை, பிந்தித் தட்டியதில்லை. உபாலி மணி தட்டினால் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம் என்று தங்கவயலில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டால் எனக்கு உள்ளே கொஞ்சம் குளிரும், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன், பொய்யாமையும் சேர்த்து எட்டு சீலம் எடுத்திருக்கிற நாள். தட்டுவது எனக்குப் புதிதும் இல்லை. சுரங்கம் ஓடிய காலத்தில் பதினேழு வருஷம் குழி வாயில் மணிக்காரன் வேலை பார்த்தவன். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு நான்தான் சைகை கொடுக்க வேண்டும்: ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கீழே விடு, மூன்று என்றால் உள்ளே ஆள் இருக்கிறது, பார்த்து மேலே இழு. சுரங்கத்தை மூடிவிட்டார்கள், மணிக்காரனை மூட முடியவில்லை. சரி, போதும், தற்பெருமையும் ஒரு சுமைதான், இறக்கி வை. எதிரே நாற்பது பேர் வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருக்கிறார்கள், இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். பெண்கள் பக்கம் முதல் வரிசையில், தூணை ஒட்டி, என் கைக்கு நாலு முழம் தள்ளி, என் மனைவி கஸ்தூரி. தொடங்கு. முதலில் நிலம். உடம்பில் எதெல்லாம் கடினமோ அதெல்லாம் நிலம், பல் நிலம், எலும்பு நிலம், தரையை அழுத்துகிற புட்டம் நிலம், அதில் நான் என்று சொல்ல ஒன்றுமில்லை. அடுத்தது நீர். எச்சில், வேர்வை, எலும்பையும் சதையையும் ஒன்றாகப் பிடித்துவைக்கிற பசை, அதிலும் நானில்லை. அடுத்தது தீ. உள்ளங்கைச் சூடு, காலையில் தின்ற பால்சோற்றை அரைக்கிற வயிற்றுச் சூடு. நாலாவது காற்று. காற்றுக்கு வருவதற்குள் மின்சாரம் போய்விட்டது.

மின்விசிறி தானாக நாலு சுற்று சுற்றி, முனகி, நின்றது. அதுவரை அது எல்லாருடைய மூச்சையும் மூடிவைத்திருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. நாற்பது மூச்சு கேட்கிறது. தேசிங்கு அண்ணனின் மூச்சு எனக்குத் தெரியும், சுரங்கத்தில் கூட வேலை செய்தவர், மரம் அறுக்கிற மாதிரி இழுப்பார். அதற்குக் கீழே இன்னொன்று. வேகமாக மூன்று, பிறகு நிற்கிறது, பிறகு நீளமாக ஒன்று, மறுபடி வேகமாக மூன்று. வலப்பக்கத்திலிருந்து வருகிறது, தூண் பக்கத்திலிருந்து. கஸ்தூரியா. இல்லை. கஸ்தூரியின் மூச்சில் சின்னதாக ஒரு விசில் உண்டு, இடது மூக்கில் மூக்குத்தி போட்ட இடத்தில் சதை கொஞ்சம் உள்ளே தடித்திருக்கிறது, முப்பத்துநாலு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட விசில். இதில் விசில் இல்லை. ஆகவே இது கஸ்தூரி இல்லை. நல்லது. ஆனால் வாயால் மூச்சு விட்டால் விசில் வராதே. இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது, நான் கூப்பிடவில்லை. மனம் அப்படித்தான், நாலு பூதங்களையும் பாய் விரித்து உட்காரவைத்துவிடலாம், மனத்துக்கு மட்டும் உட்கார இடம் கிடையாது. கஸ்தூரி ஏன் வாயால் மூச்சு விட வேண்டும். காலையில் நான் புத்தர் சிலைக்கு முன்னால் விளக்குத் திரியை நறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். "இன்னாங்க, இடது கை கனமா கீதுங்க. தாடை வேற இழுத்துப் புடிக்குது." நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அன்றைய பேச்சை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். "வலின்னு பேர் வைக்காத கஸ்தூரி. கனமா கீறது நிலம். இழுக்கிறது காத்து. சும்மா பாத்துக்கினே இரு, வந்த மாதிரி போயிடும்." "சரி, பாத்துக்கினே பால்சோறு கிண்டுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாற்பது பேருக்கான அண்டா. குழாயில் தண்ணீர் வராமல் நாலு குடம் தூக்கி வந்தாள் என்று அப்புறம் யாரோ சொன்னார்கள்.

அதோடு விட்டேனா. பத்து மணிக்குப் பேச எழுந்தவன், கையில் நல்ல உதாரணம் கிடைத்துவிட்டது என்று அதையே எடுத்துவிட்டேன். இன்று காலை என் வீட்டுக்கு நிலமும் காற்றும் விருந்துக்கு வந்திருக்கின்றன, என் துணைவியார் அவர்களுக்கு வலி என்று பெயர் வைத்துவிட்டார், விருந்தாளிக்குத் தப்பான பெயர் வைத்தால் அவர் எப்படிப் புறப்பட்டுப் போவார். எல்லாரும் சிரித்தார்கள். கஸ்தூரியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். வாயை மூடிக்கொண்டாளா, தாடையைப் பிடித்துக்கொண்டாளா. அது எனக்கு இப்போது ஏன் தெரிய வேண்டும். ஊருக்கு உபதேசம் செய்கிறவனுக்கு உதாரணமாகச் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஒருத்தி இருந்தாள், அவ்வளவுதான். மூன்று வேகமாக. நிற்கிறது. இதோ நிற்கிறது, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நீளமாக ஒன்று. நாலு எண்ணுகிற அளவு இடைவெளி. ஊரில் பூதங்களை ஐந்து என்பார்கள், கஸ்தூரி பிறந்த குடியாத்தத்து வீட்டிலும் ஐந்துதான், வானத்தையும் சேர்த்து. நாங்கள் நாலோடு நிறுத்திக்கொள்கிறவர்கள். வானம் ஒரு பொருளே இல்லை, மற்ற நாலும் இல்லாத இடத்துக்கு வைத்த பெயர் அது, காதின் துளை, வாயின் பள்ளம், ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இருக்கிற வெறுமை. கல்யாணமான புதிதில் இதை அவளுக்கு விளக்கினேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "அப்ப ஒண்ணுமில்லாததுக்கு நாங்க பேர் வச்சிருக்கோம், நீங்க வைக்கல, அவ்ளோதானே" என்றாள். அவ்வளவுதான். ஒன்றுமில்லாததை நான் இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறேன். நாலு. ஐந்து. இது ஐந்து.

இந்த எண்ணிக்கை எனக்குப் பழக்கமானது, அதுதான் பிடிக்கவில்லை. நைனாவின் கடைசி நாள். சுரங்கத் தூசி நுரையீரலில் உறைந்து கல்லாகிப்போன நோய், சுரங்கத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கு ஒருவருக்கு இருந்தது. "முப்பது வருசம் மண்ணுக்குள்ள நான் போனேன், இப்ப மண்ணு எனக்குள்ள வந்து குந்திக்கிச்சு" என்று நைனா சொல்லிச் சிரிப்பார், சிரித்தால் இருமல் வரும், இருமினால் நீலமாவார். காலை பதினோரு மணி, பக்கத்து வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, அம்மா அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலருகே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். வேகமாக மூன்று, இடைவெளி, நீளமாக ஒன்று. இடைவெளி ஆறானது, ஒன்பதானது, பன்னிரண்டானது. ஒவ்வொரு முறையும் மூச்சு வந்ததும் எனக்கு ஒரு நிம்மதி, இவ்வளவுதானே, இன்னும் ஒன்று எண்ணலாம். ஒரு முறை நாற்பதுவரை எண்ணிவிட்டேன். நாற்பத்தொன்று என்று வாய் சொன்னபோதுதான் எதை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. அம்மா கையில் புளித்தண்ணீர் சொட்ட வந்து நின்றாள். "ஏன்டா என்னக் கூப்பிடல" என்றாள். அழவில்லை, கேட்டாள். கூப்பிட்டால் அது நடக்கிறது என்று ஆகிவிடும், எண்ணிக்கொண்டிருக்கும்வரை அது வெறும் எண்ணிக்கை, அதை எப்படிச் சொல்வது. "நைனா அமைதியா போனாரும்மா" என்றேன். வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் பேசிக்கொண்டார்கள், அப்பன் மூச்சு அடங்குகிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து கலங்காமல் பார்த்தான் பிள்ளை, உபேக்கை என்கிற சமமனம் இதுதான். பதினாறாம் நாள் மணியைத் தூக்கி என் கையில் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் மேல் தப்பில்லை, வெளியிலிருந்து பார்த்தால் கலங்காதவனும் உறைந்துபோனவனும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

ஆறு. கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்த்தால் ஆயிற்று. எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறார்கள், நான் திறந்தது யாருக்குத் தெரியப்போகிறது. தெரியாது. அதனால் சட்டம் என்னைத் தடுக்கவில்லை, இதையாவது ஒப்புக்கொள். திறந்தால் தெரிந்துவிடும். அவள் சும்மா தூங்கி விழுந்துகொண்டிருந்தால் நல்லது, இல்லையென்றால் அதற்கப்புறம் நான் ஏதாவது செய்தாக வேண்டும். இமைக்குப் பின்னால் இப்போதைக்கு இரண்டு கஸ்தூரிகள் இருக்கிறார்கள், ஒருத்திக்கு ஒன்றுமில்லை, ஒருத்திக்கு என்னமோ நடக்கிறது, கண்ணைத் திறந்தால் ஒருத்திதான் மிஞ்சுவாள். மணி தட்டும் கட்டை என் மடியில் இருக்கிறது, மணி முழங்காலருகே. ஒரு தட்டு. நாற்பது பேரும் கண்ணைத் திறப்பார்கள், மணி மூன்றேகால்தான் இருக்கும், எல்லாரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். தேசிங்கு அண்ணன் என்ன நினைப்பார். பூமி அசைந்தபோது தட்டாதவன் பெண்டாட்டிக்கு மூச்சு வாங்கியதற்கா தட்டினான் என்பார். அந்தக் கதை இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே போல ஒரு பௌர்ணமி, மூன்று இருபது இருக்கும், ஆழத்தில் பாறை வெடித்தது. தங்கவயலில் அது புதிதில்லை, பூமிக்குக் கீழே அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும், மேலே பாத்திரங்கள் உருளும். ஆனால் அன்றைய வெடிப்பு வேறு. தரை ஒரு முறை தூக்கிப் போட்டது. விளக்குக் கண்ணாடி உடைந்தது, புத்தர் சிலை பீடத்தில் அரை அங்குலம் திரும்பியது, கூரை ஓடு ஒன்று கழன்று தேசிங்கு அண்ணனின் தோளைக் கிழித்தது. மணி தட்டவில்லை, அதனால் யாரும் எழவில்லை. ரத்தம் வேட்டியில் வழிய அண்ணன் நாலு அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். புதிதாக வருகிறவர்களிடம் சட்டையை இறக்கித் தழும்பைக் காட்டுவார். "நெலமே அசைஞ்சிச்சு, எங்க உபாலி அசையல" என்பார். நான் தலை குனிந்துகொள்வேன், அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் தட்ட நினைத்தேன். இதை இதுவரை மனசுக்குள்கூட முழுசாகச் சொன்னதில்லை, இன்று என்னமோ வருகிறது, வரட்டும். தரை தூக்கிப் போட்ட அந்த நொடியே தட்டத்தான் நினைத்தேன், கை வரவில்லை. விரல்கள் கட்டையின் மேல் இருந்தன, விரல் என்னுடையது, கட்டை என்னுடையது, நடுவில் ஏதோ அறுந்திருந்தது. கத்தலாம் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நிலம், தீ, காற்று மூன்றும் அன்று என்னிடம் அசையவில்லை, உண்மைதான். நீர் மட்டும் அசைந்தது. வெள்ளை வேட்டியில் சூடாக இறங்கிப் பாயில் பரவியது. நாலு அடித்ததும் எப்படித் தட்டினேனோ தெரியாது, எல்லாரும் எழுந்து ஓடி வரப் பார்த்தார்கள். அதற்குள் கஸ்தூரி செம்போடு வந்தாள். தண்ணீர் கொடுக்க வருகிறவள் மாதிரி வந்து, கால் தடுக்கியவள் மாதிரி, செம்புத் தண்ணீர் முழுவதையும் என் மடியில் கவிழ்த்தாள். "அய்ய, கை நடுங்குதுங்க, பாக்கல" என்றாள். கை நடுங்கவே இல்லை, நான் பார்த்தேன், அவ்வளவு திடமான கை. அன்றைக்கு வீட்டுக்குப் போன பிறகும் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இருபத்தெட்டு வருஷமாகப் பேசவில்லை, சண்டையில்கூட. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் அவள், அந்தச் சோற்றை இன்றுவரை உட்கார்ந்து தின்கிறவன் நான். ஏழு. இடைவெளி ஏழு எண்ணும் அளவுக்குப் போய்விட்டது.

கடிகாரம் ஒன்று அடித்தது. மூன்றரை. இன்னும் அரை மணி. அரை மணியில் என்ன ஆகிவிடும். அரை மணி என்பது ஒரு சோறு வடிக்கிற நேரம். போன வாரம் எங்கள் மகள் விசாகா பெங்களூரிலிருந்து பேசினாள், ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள், தேவையில்லாமல் பேச மாட்டாள். "நைனா, அம்மா படி ஏறுனா நின்னு நின்னு ஏறுறாங்களாமே. ஒரு ஈசிஜி எடுத்துடுங்க, பத்து நிமிச வேலை." எடுக்கலாம், பௌர்ணமி போகட்டும், வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்றேன். கஸ்தூரியும் பக்கத்திலிருந்து ஆமாம் ஆமாம் என்றாள். அவள் எதற்குத்தான் ஆமாம் சொல்லவில்லை. பௌர்ணமி போகட்டும். பௌர்ணமி போய்க்கொண்டுதான் இருக்கிறது. இது வாயுவாக இருக்கலாம், மதியத்துக்கு மேல் சாப்பிடாத உடம்பு, வெறும் வயிறு நெஞ்சுக்கு ஏறியிருக்கலாம். வேர்வை வாடை வருகிறது, விசிறி இல்லை, நாற்பது பேர், வேர்க்காமல் என்ன செய்யும். ஆனால் இந்த வாடையில் அவளுடைய மஞ்சளும் இருக்கிறது, எனக்குத் தெரியும், அடுப்பில் நின்றால் வருகிற வாடை, சும்மா உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஏன் வருகிறது. உபேக்கைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு எதிரி குடியிருக்கிறான் என்று நானே எத்தனை முறை பேசியிருக்கிறேன், பார்க்க அதே முகம், அதே நடை, பெயர் மட்டும் அலட்சியம். எல்லாரும் தலையாட்டுவார்கள். அந்தப் பக்கத்து வீட்டில் இன்னொரு எதிரியும் உண்டு, அதைப் பேச்சில் நான் சொல்வதில்லை, அவன் பெயர் பயம். அவனும் அசைய மாட்டான், அவனும் கண்ணை மூடியிருப்பான். ஒரு நாள் கஸ்தூரி சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள், "நெலம் நீங்க இல்ல, தண்ணி நீங்க இல்ல, நெருப்பு, காத்து எதுவும் நீங்க இல்லன்னா, அப்ப பயப்படுறது எது?" "அது மனசு. அதுவும் நான் இல்ல" என்றேன். "அதுவும் இல்லியா. அப்ப நான் தினம் யாருக்குத்தான் சோறு போடுறேன்" என்று குழம்பை ஊற்றினாள். நான் சிரித்தேன்.

ஒன்பது. பார், நான் அவளைப் பார்க்கவில்லை, பூதங்களைப் பார்க்கிறேன். கனம் நிலம், வேர்வை நீர், எரிச்சல் தீ, இழுப்பு காற்று. அவள் உடம்பைப் பிரித்துப் பிரித்து நாலு குவியலாக வைத்துவிட்டால் நடுவில் கஸ்தூரி இருக்க மாட்டாள், கஸ்தூரி இல்லையென்றால் அவளுக்கு ஒன்றும் ஆக முடியாது, எனக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இதற்கா இந்தப் போதனை. பற்றை விடச் சொன்ன வாய் ஆளை விடச் சொன்னதா. உடம்பு நானில்லை என்று என் உடம்பை வைத்துச் சொல்ல வேண்டிய வார்த்தை அது, என் பல்லை, என் எலும்பை, என் பயத்தை வைத்து. அடுத்தவள் நெஞ்சு வலிக்கு அதை மருந்தாகக் கொடுத்த முதல் மடையன் நான்தான். வேகமாக மூன்று. இல்லை, இரண்டுதான் வந்தது. இரண்டு வந்து நின்றுவிட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. வெளியே எங்கோ ஆடு கத்துகிறது. ஐந்து. ஆறு. ஏழு. தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்து கிடக்கிற சயனைடு மேட்டிலிருந்து காற்று வருகிறது போலிருக்கிறது, தொண்டையில் அந்தச் சாம்பல் புளிப்பு. எட்டு. ஒன்பது. பத்து. இப்போது வரும். நைனாவுக்கும் பன்னிரண்டு வந்த பிறகு வந்தது. பதினொன்று. பன்னிரண்டு. ஏன்டா என்னக் கூப்பிடல. பதின்மூன்று. அம்மாவின் கையிலிருந்து புளித்தண்ணீர் சொட்டுகிறது. விரல் கட்டையின் மேல் இருக்கிறது. வரவில்லை, கை வரவில்லை, அன்றைக்குப் போலவே நடுவில் அறுந்திருக்கிறது. பதினாலு. இந்தக் கை மூடப்பட்ட ஒரு சுரங்கத்தின் கை, அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அதையாவது செய்யட்டும். உள்ளே ஆள் இருக்கிறது. ஆள் இருக்கிறது. பதினைந்து என்று சொல்லவில்லை, தட்டினேன். ஒன்று தட்டினேன், இரண்டு தட்டினேன், மூன்று தட்டினேன்.

விகாரையில் அதுவரை ஒரே தட்டைத் தவிர வேறு கேட்டவர்கள் இல்லை. சின்ன வயசுக்காரர்கள் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தார்கள், மூன்று நாற்பது. சுரங்கத்தில் இறங்கிய பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் மட்டும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, எழுந்தேவிட்டார்கள், எழுபது வயசு உடம்புகள் எப்படி அவ்வளவு வேகமாக எழுந்தன என்று தெரியவில்லை. "யாரு உள்ள?" என்றார் தேசிங்கு அண்ணன். நான் கண்ணைத் திறந்தேன். கஸ்தூரி தூணில் சாய்ந்திருந்தாள், இடது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது, வெள்ளைப் புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழப் பார்த்தேன், இரண்டு காலும் மரத்து முகங்குப்புற விழுந்தேன், நாலு முழத்தையும் முழங்கையால் ஊர்ந்தே போனேன். நாற்பது பேர் பார்த்தார்கள், பார்க்கட்டும். மூச்சு நீளமாக ஒன்று வந்தது. வாயருகே காதை வைத்தேன். "நாலு அடிக்கலியேங்க" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "இன்னாத்துக்குத் தட்னீங்க. ஜனம் இன்னா நெனைக்கும்." நான் அவள் கன்னத்தைத் துடைத்தேன், துடைத்த இடத்தில் மறுபடி வேர்த்தது. "எப்பலேருந்து கண்ணத் தொறந்துகினு கீற" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "விசிறி நின்னதுல இருந்து. நீங்க தொறப்பீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்." இன்னொரு மூச்சு இழுத்துக்கொண்டாள். "அப்புறம், சரி, மணி ஆவட்டும்னு இருந்தேன்."

ஜமக்காளத்தில் வைத்துத் தூக்கினார்கள். தேசிங்கு அண்ணன் நல்ல தோளைக் கொடுத்து ஒரு முனையைப் பிடித்தார், யாரோ ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார்கள். நான் என் கால்களை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன். ஆஸ்பத்திரி நாலு மைல். அவள் தலையை என் மடியில் வாங்கி உட்கார்ந்தபோது உள்ளே கடிகாரம் அடிக்க ஆரம்பித்தது. கஸ்தூரி எண்ணினாள், உதடு அசைந்தது தெரிந்தது. "நாலு" என்றாள். "இப்ப தட்டுங்க." மணி உள்ளே பாய்க்குப் பக்கத்தில் இருந்தது. கட்டை மட்டும் என் கையில் இருந்தது, அதை எப்போது எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை. ஆட்டோவின் இரும்புக் கம்பியில் மூன்று முறை தட்டினேன். "கெளம்பிட்டேன் அண்ணே, தட்டாதீங்க" என்றார் ஓட்டுநர். சயனைடு மேட்டைச் சுற்றிக்கொண்டு போகிற சாலையில் தூசி ஏறி வந்தது, முந்தானையை எடுத்து அவள் மூக்கை மூடினேன், பிறகு மூச்சு முட்டுமோ என்று எடுத்தேன், பிறகு மூடினேன். மடியில் அவள் தலை கனத்தது. வேகமாக இரண்டு மூச்சு வந்தது. நின்றது. ஒன்று என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எண்ணவில்லை. கஸ்தூரி என்று கூப்பிட்டேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன், அப்புறமும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.